பதற்றத்துக்கு மாத்திரை: போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சில மாதங்களாகத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது, ‘இதோ செத்துவிடப்போகிறேன்’ என்று பயம் வருகிறது. இ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கோளாறு எதுவும் இல்லை. மனநல மருத்துவர் ‘பேனிக் டிஸ்ஆர்டர்’ என்று சொல்லி, தினமும் ஒரு எஸ்சிடாலோப்ராம், தாங்கமுடியாதபோது மட்டும் க்ளோனசெபாம் என்று எழுதித் தந்திருக்கிறார். வாங்கி வைத்தீர்கள், அட்டையைப் பிரிக்கவில்லை. இதற்கிடையில் லிஃப்டில் ஏறுவதை விட்டுவிட்டீர்கள், தனியாக வண்டி ஓட்டுவதில்லை, கூட்டம் என்றால் ஒதுங்கிவிடுகிறீர்கள். வீட்டில் ‘ஒருதடவை ஆரம்பித்தால் விடவே முடியாது’ என்கிறார்கள். போடலாமா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டு மாத்திரைகளையும் எல்லோரும் ‘பதற்ற மாத்திரை’ என்றே சொல்கிறோம். ஆனால் வேலை செய்யும் விதம், வேகம், ஆபத்து எல்லாமே வேறு. நீங்கள் சொன்ன நிலைமையில் தினசரி மாத்திரையைப் போடுங்கள் என்பதுதான் என் கருத்து. இன்னொன்றைப் பற்றித் தயங்குவேன்.

முதலில், எதை வைத்து முடிவு செய்வது? பலரும் அட்டாக் எத்தனை வந்தது என்று எண்ணுகிறார்கள். வாரத்துக்கு நான்கு என்றால் மாத்திரை, மாதத்துக்கு ஒன்று என்றால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேனிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள். பிறகு யார் எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இறங்கத் தொடங்கும். அனுபவிக்கக் கொடுமையாக இருந்தாலும் அது உயிரை எடுப்பதில்லை. அதனால்தான் அட்டாக் வந்ததை மட்டும் வைத்து இதற்கு நோய் என்று பெயரிடுவதில்லை. எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வரவேண்டும். அதோடு ஒரு மாதமாவது ‘அடுத்தது எப்போதோ’ என்ற கவலை பின்தொடரவேண்டும், அல்லது அதற்குப் பயந்து ஆள் தன் நடமாட்டத்தையே மாற்றிக்கொண்டிருக்கவேண்டும். வாழ்க்கையைக் குலைப்பது இந்தப் பின்பாதிதான். வாரம் மூன்று அட்டாக் வந்தும் வேலைக்குப் போய்க்கொண்டு, பயணம் செய்துகொண்டு இருப்பவர்கள் உண்டு. ஆறு மாதமாக ஒரு அட்டாக்கூட இல்லாமல், வீட்டு வாசலைத் தாண்டாதவர்களும் உண்டு. இரண்டாமவருக்குத்தான் சிகிச்சை அவசரம்.

இதை மருத்துவ உலகம் புரிந்துகொண்ட கதை சுவாரசியமானது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் க்ளைன் என்ற மனநல மருத்துவர், எதற்கும் அடங்காத பதற்றத்தோடு இருந்தவர்களுக்கு இமிப்ரமின் என்ற அன்றைய புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்கள் ஆகியும் நோயாளிகள் ‘ஒன்றும் குறையவில்லை’ என்றே சொன்னார்கள். கவனித்தவர்கள் வார்டு நர்ஸுகள். தினமும் பலமுறை ‘சாகப்போகிறேன்’ என்று ஓடிவந்தவர்கள் இப்போது ஓடிவருவதில்லை. அட்டாக் நின்றுபோயிருந்தது, வருமோ என்ற பயமும், அதற்காக ஒதுங்கி வாழும் வழக்கமும் அப்படியே இருந்தன. அதனால் தேறிய விஷயம் தேறியவருக்கே தெரியவில்லை. இப்படிப்பட்ட கவனிப்புகளிலிருந்துதான் பேனிக் என்பது பொதுவான பதற்றத்திலிருந்து வேறுபட்ட நோய் என்ற எண்ணம் வளர்ந்து, 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் டி.எஸ்.எம்.-3 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டில் தனி நோயாக இடம்பெற்றது.

உங்கள் முடிவுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. தினசரி மாத்திரை அட்டாக்கை நன்றாகவே குறைக்கும். ‘வருமோ’ என்ற கவலையை மெல்ல மெல்லத் தணிக்கும். லிஃப்டில் ஏறுவதை மட்டும் அது உங்களுக்காகச் செய்யாது. மாத்திரை போட்டுக்கொண்டு, ஆனால் படிக்கட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தால் பாதி சிகிச்சைதான் நடந்திருக்கிறது. ‘மாத்திரை பலன் தரவில்லை’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எதை எதையெல்லாம் இன்னும் தவிர்க்கிறீர்கள் என்றுதான்.

மாத்திரை இல்லாமல் முடியாதா? முடியும். மென்மையாகப் பேசி ஆறுதல் சொல்வதைச் சொல்லவில்லை; சி.பி.டி. எனப்படும், எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் முறையான பயிற்சியைச் சொல்கிறேன். 1986-இல் இங்கிலாந்தின் உளவியலாளர் டேவிட் க்ளார்க் இதற்கு அடிப்படையான விளக்கத்தைத் தந்தார்: உடலில் எழும் சாதாரண உணர்வை, ஒரு துடிப்பையோ கிறுகிறுப்பையோ, மாரடைப்பு, மயக்கம், பைத்தியம் என்று மனம் தப்பாகப் படிக்கிறது, அந்தப் பயம் துடிப்பைக் கூட்டுகிறது, கூடிய துடிப்பு பயத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. சிகிச்சையில் இந்த உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். நாற்காலியில் சுழலச் சொல்வார்கள், மெல்லிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடச் சொல்வார்கள், படியேறி ஓடச் சொல்வார்கள். பத்து முறை வந்தும் எதுவும் ஆகவில்லை என்று உடம்பே கற்றுக்கொள்ளும்வரை அது தொடரும். கேட்கச் சித்திரவதை போலிருக்கும். பலன் மாத்திரைக்குக் குறைந்ததல்ல.

க்ளைன் கொடுத்த அதே இமிப்ரமினையும் இந்தப் பயிற்சியையும் ஒப்பிட்டு அமெரிக்க உளவியலாளர் டேவிட் பார்லோ குழுவினர் நடத்திய ஆய்வு 2000-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. 312 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருந்த காலத்தில் மாத்திரையும் பயிற்சியும் சேர்ந்த கூட்டணி நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி மட்டும் பெற்றவர்கள் அதிகம் தாக்குப்பிடித்தார்கள். இமிப்ரமின் எடுத்தவர்களில் நோய் திரும்பியவர்கள் கூடுதல், பயிற்சி சேர்த்துப் பெற்றிருந்தாலும்கூட. காரணம் என்று நான் நினைப்பது இது: மாத்திரையின் துணையோடு லிஃப்டில் ஏறியவர், ஏறியது மாத்திரைதான் என்று நம்பிவிடுகிறார். அன்றைய இமிப்ரமினை இன்றைய மாத்திரைகளோடு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனாலும் நல்ல சிகிச்சையாளர் எட்டும் தூரத்தில் இருந்து, உங்களால் பயிற்சியைச் செய்யவும் முடிந்தால், மாத்திரை இல்லாமல் தொடங்குவது முழுக்க நியாயமான தேர்வு. நெருக்கடியான ஒரு காலத்தில் இரண்டு மூன்று அட்டாக் வந்து, நடமாட்டம் எதுவும் குறையாதவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

தராசு மாத்திரைப் பக்கம் சாயும் இடங்கள் உண்டு. பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், பயிற்சியைத் தொடங்கக்கூட முடியாத அளவுக்குப் பயம் இருந்தால், பயிற்சி தரும் ஆள் கிடைக்காவிட்டால், அல்லது மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தால். ஒதுங்கல் பரவிக்கொண்டே போவதும் இதில் சேர்த்தி. உங்கள் விஷயத்தில் என்னைச் சாய்த்தது அதுதான்: முதலில் லிஃப்ட், அடுத்து வண்டி, பிறகு கூட்டம். அட்டையைப் பிரிக்காமல் வைத்திருந்த வாரங்கள் சும்மா போகவில்லை; அந்தப் பட்டியல் நீண்டிருக்கிறது. ‘மன உறுதி இருந்தால் மாத்திரை எதற்கு’ என்பவர்களோடு வாதாடாதீர்கள், நேரம் வீண்.

தொடங்குமுன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டியவை சில. ஆஸ்துமாவுக்கான சால்புடமால் இன்ஹேலர், மூக்கடைப்பு மருந்துகள், அதிகக் காப்பி, எனர்ஜி டிரிங்க், முந்தின இரவு குடித்த மது, இவை எல்லாமே படபடப்பைக் கொண்டுவரும். ரத்தசோகையும் அப்படித்தான், ஹீமோகுளோபின் பார்க்காவிட்டால் பார்த்துவிடுங்கள். தூக்கமே இல்லாமல் அபார உற்சாகத்தோடு நாள்கணக்கில் இருந்த காலம் உங்களுக்கோ, ரத்த உறவில் யாருக்கோ உண்டென்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு இந்த வகை மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அது மறுபடி அந்த உற்சாக நிலைக்குத் தள்ளிவிடலாம்.

இனி எஸ்சிடாலோப்ராம். இதுவும் செர்ட்ராலின், பராக்ஸெடின், ஃப்ளுவாக்ஸெடின் ஆகியவையும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற ஒரே குடும்பம். இவற்றின் பெரிய சிக்கல் முதல் இரண்டு வாரம். பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு இன்னும் அதிகம். பக்க விளைவோ முதல் நாளே வரலாம்: குமட்டல், தலைவலி, தூக்கக் கலைவு, வியர்வை, ஒருவித உள்நடுக்கம். இந்தப் பட்டியலைப் பாருங்கள், பாதி பேனிக் அறிகுறி மாதிரியே இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு துடிப்பையும் உளவு பார்த்துக்கொண்டிருக்கும் மனத்துக்கு இது போதும். மூன்றாம் நாள் ‘இந்த மாத்திரைதான் என்னைக் கொல்கிறது’ என்று நிறுத்திவிடுவார்கள். பேனிக் உள்ளவர்களுக்குச் சிறிய அளவில் தொடங்குவது இதனால்தான். எஸ்சிடாலோப்ராம் என்றால் 5 மி.கி., செர்ட்ராலின் என்றால் 25 மி.கி., பராக்ஸெடின் என்றால் 10 மி.கி. என்று தொடங்கி, ஒரு வாரம் போலக் கழித்து ஏற்றுவது வழக்கம். உங்கள் சீட்டில் நேரடியாக 10 மி.கி. என்று இருந்தால், முதல் வாரம் பாதியில் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். பல நேரம் ‘தாராளமாக’ என்பார். குமட்டலும் நடுக்கமும் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

அடங்காத பக்க விளைவு ஒன்று உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: உடலுறவில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது அல்லது வராமலே போவது. ஆண் பெண் இருவருக்கும் வரும், அரிதானதும் அல்ல. மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாறலாம். யாரிடமும் சொல்லாமல் ஒருநாள் மாத்திரையை அப்படியே நிறுத்துவதுதான் இதில் நடக்கும் மோசமான விஷயம்.

வயது 25-க்குக் கீழே என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை. இந்த மருந்துகளைத் தொடங்கும் காலத்தில் இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2004-இல் சிறுவர்களுக்கும் பதின்வயதினருக்கும், 2007-இல் 24 வயது வரையிலும் கட்டமிட்ட எச்சரிக்கை போடவைத்தது. போடவே கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. முதல் சில வாரம் வீட்டில் ஒருவர் விஷயம் தெரிந்து கவனித்துக்கொண்டிருக்கவேண்டும். ட்ரமடால் என்ற வலி மாத்திரையும், ‘இயற்கை’ என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையும் இவற்றோடு சேரக்கூடாது. ஐபூப்ரோஃபென், ஆஸ்பிரின் அடிக்கடி எடுப்பவருக்கு இரைப்பையில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். கர்ப்பம் எண்ணத்தில் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். எந்த மாத்திரை என்ற தேர்வே மாறலாம்.

இப்போது அந்த இன்னொரு மாத்திரை. க்ளோனசெபாம், அல்ப்ரசோலம், லோரசெபாம், டயசெபாம் எல்லாம் பென்சோடயசெபின் குடும்பம். அற்புதமாக வேலை செய்யும். ஆபத்தும் அந்த அற்புதத்திலேயே இருக்கிறது. நேரக் கணக்கைக் கவனியுங்கள். அட்டாக் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். விழுங்கிய மாத்திரை குடலில் இறங்கி, ரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்ப் பிடிக்க இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதாவது அது வேலையைத் தொடங்கும்போது அட்டாக் ஏறக்குறைய முடிந்திருக்கும். ஆனால் ‘மாத்திரை போட்டேன், நின்றது’ என்றுதான் மனம் பதிந்துகொள்ளும். அடுத்த முறை அது பையில் இல்லாமல் வெளியே போகமாட்டீர்கள். போடவே வேண்டாம், பையில் இருந்தாலே போதும் என்று இருப்பவர்கள் ஏராளம். மறந்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்த அந்த நொடியே அவர்களுக்கு அட்டாக் வரும்.

இதோடு உடல் பழகிப்போவதும் சேரும். சில வாரம் தினமும் எடுத்தாலே அளவு போதாமல் போகலாம். விட்டால் பதற்றம் முன்பைவிடப் பலமாகத் திரும்பும். வீட்டில் சொல்லும் ‘விடமுடியாது’ என்ற பயம் இந்த மாத்திரையைப் பொறுத்தவரை வெறும் பேச்சு அல்ல. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பேனிக் டிஸ்ஆர்டருக்குப் பென்சோடயசெபின் எழுதவேண்டாம் என்றே சொல்கிறது. 2020-இல் எஃப்.டி.ஏ., பழக்க அடிமைத்தனத்தையும் நிறுத்தும்போது வரும் பாதிப்புகளையும் பற்றி இந்தக் குடும்பம் முழுமைக்கும் கட்டமிட்ட எச்சரிக்கையை வலுப்படுத்தியது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. பிடிக்கும்வரை அந்த முதல் இரண்டு மூன்று வாரத்தைக் கடத்த மட்டும் தருபவர்களும் உண்டு. முடிவுத் தேதி முன்பே பேசப்பட்டிருந்தால் அதில் தவறு காணமாட்டேன். மதுவோடு, மார்ஃபின், ட்ரமடால் போன்ற ஓபியாய்டு வலி மருந்தோடு கூடவே கூடாது. மூச்சு நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் தினமும் போட்டுவருபவர் யாராவது இதைப் படித்துப் பயந்து இன்றே நிறுத்திவிடவேண்டாம். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

எஸ்.எஸ்.ஆர்.ஐ.-யும் அடிமைப்படுத்துமா? ஏங்கவைப்பது, அளவை ஏற்றிக்கொண்டே போகவைப்பது, ‘போட்டால் சுகம்’ என்று தேடவைப்பது, இவை இதில் இல்லை. திடீரென்று நிறுத்தினால் மட்டும் உடம்பு முறுக்கிக்கொள்ளும்: தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவுகள், தலைக்குள் மின்சாரம் சுரீரென்று பாய்வதுபோன்ற ஒன்று. பராக்ஸெடினிலும், வேறு குடும்பமான வென்லாஃபாக்ஸினிலும் இது அதிகம். உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் ஃப்ளுவாக்ஸெடினில் குறைவு. சிலருக்கு இது நீண்டகாலம் தொந்தரவு செய்வதும் உண்டு, அதை இல்லை என்று சொல்லும் மருத்துவரோடு நான் உடன்படமாட்டேன். நிறுத்திய சில நாளில் இப்படி வந்தால், ‘பார், நோய் திரும்பிவிட்டது, ஆயுசுக்கும் மாத்திரைதான்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நோய் திரும்புவது பொதுவாக வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல நடக்கும். மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு அதில் இருக்காது.

எத்தனை காலம்? நன்றாக ஆன நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம். பல மருத்துவர்கள் ஒரு வருடம் என்பார்கள். தொடங்கிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. அந்தக் காலத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தாமல் கழித்தால், நிறுத்தும்போது பயம் விட்ட இடத்திலேயே காத்திருக்கும். வேலை மாற்றம், தேர்வு, வீட்டில் துக்கம் என்று எதுவும் இல்லாத பருவமாகப் பார்த்து, வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மேடைப் பயத்தில் கை நடுக்கத்தை அடக்க அது உதவும். பேனிக் டிஸ்ஆர்டருக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்க ஆதாரம் போதாது. ஆஸ்துமா இருந்தால் தொடவே கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மாத்திரையைத் தொடங்குமுன், பயத்தால் விட்டுவிட்டவற்றை எளிதிலிருந்து கடினம் வரை ஒரு தாளில் எழுதுவேன். ஜி.ஏ.டி.-7 என்ற ஏழு கேள்விப் படிவத்தை நிரப்பி மதிப்பெண்ணைக் குறித்துவைப்பேன். மொத்தம் 21, பத்தோ அதற்கு மேலோ என்றால் மிதமான பதற்றம், பதினைந்தோ அதற்கு மேலோ என்றால் கடுமை. க்ளைனின் நோயாளிகளுக்கு நடந்ததுபோல, தேறியது தேறியவருக்கே தெரியாமல் போகும் என்பதால் இது தேவை. இரண்டாவது வாரத்துக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொண்டு, சிறிய அளவில் தொடங்குவேன். அதுவரை புது உடற்பயிற்சி, புது உணவுமுறை என்று எதையும் சேர்க்கமாட்டேன். சேர்த்தால் எது எதைச் செய்தது என்று தெரியாது. நான்காம் வாரத்திலிருந்து தாளில் உள்ள முதல் வரியைச் செய்யத் தொடங்குவேன், பயம் முழுதாகப் போயிருக்கவேண்டும் என்று காத்திருக்காமல். போதுமான அளவில் எட்டு வாரம் எடுத்தும் மதிப்பெண்ணும் தாளும் அசையாவிட்டால், மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்பேன். ஒன்று பலிக்காதவருக்கு அதே குடும்பத்தின் இன்னொன்று பலிப்பது சாதாரணம்.

க்ளோனசெபாமை என்ன செய்வது என்று அந்த மருத்துவரிடமே நேராகக் கேளுங்கள்: எத்தனை மாத்திரை, எந்தத் தேதிவரை, அதற்குப் பிறகு என்ன? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரங்களில் எப்போதாவது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, இரண்டு மூன்று நாள் தூக்கமே தேவைப்படாத உற்சாகம் வந்தாலோ, அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரை அழையுங்கள். நடக்கும்போது வந்து நின்றால் குறையும் நெஞ்சு வலி, நினைவிழந்து விழுவது, இவற்றைப் பழைய இ.சி.ஜி.-யை நம்பிப் ‘பேனிக்தான்’ என்று ஒதுக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.